டிசம்பர் கேஸ்

ஜோஸ்பினுக்கு டிசம்பர் என்றால் காலி பாட்டில்கள்தான். அரியாங்குப்பத்தில் ஆற்றோரம் இருந்த ஒரு விடுதியில் அவள் அறைகளைக் கூட்டித் துடைக்கிற வேலை பார்த்துவந்தாள். மற்ற மாதங்களில் ஒரு சாக்கில் அடங்கிவிடுகிற பாட்டில்கள், கிறிஸ்துமஸ் வாரம் வந்துவிட்டால் மொட்டைமாடிப் படிக்கட்டையே அடைத்துக்கொண்டு நிற்கும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் காராக வந்து இறங்குவார்கள். விடிய விடியப் பாட்டு. மதியத்துக்குக் கண் சிவக்க எழுந்து, கடைசி பாட்டிலைக் கையில் பிடித்தபடியே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். 'இதுங்க எப்படித்தான் ஊரு போய்ச் சேருதுங்களோ' என்று படுக்கை விரிப்பை உதறும்போது தோன்றும். அதற்கு மேல் யோசிக்க நேரம் இருக்காது. அடுத்த அறைக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள்.

"சீசன் டைம்ல லீவு கேக்காதம்மா" என்பது மேனேஜரின் வழக்கமான பாட்டு. ஆண்டவர் பிறந்த நாளை ஜோஸ்பின் பல வருடங்களாக அந்த விடுதியின் நீல நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கழித்தாள். இந்த வருடம் மட்டும் அவள் அசையவில்லை. பாகூரில் வாழ்க்கைப்பட்ட தங்கை அமுதம், வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு வந்திருந்தாள். அங்கே முதல் கிறிஸ்துமஸ். ஜோஸ்பினின் மகள் ஜெர்லின் ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு சித்தி வீட்டுக்குப் போய் குடில் கட்டிக்கொண்டிருந்தாள். "ஒரு நாளு குடுக்கலன்னா நாளையிலேர்ந்து வேலைக்கே வரமாட்டேன் சார்" என்று ஜோஸ்பின் சொன்னாள். சீசனில் வேறு ஆள் கிடைக்காது என்பதால் மேனேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையாட்டினார்.

அவள் புருஷன் பிரிட்டோ டைல்ஸ் போடுகிறவன். அவனுடைய அப்பா வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கொல்லையில் கரும்பு வெட்டியவர். பிரிட்டோ அந்தக் கத்தியைத் தொடவே இல்லை. அவர்கள் ஊரான ஒதியம்பட்டைச் சுற்றி எழும்பிய புது வீடுகளில் பாதிக்கு அவன் கைதான் தரை போட்டிருக்கும். குடிப்பான், ஆனால் குடிகாரன் என்று யாரும் சொன்னதில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் கொஞ்சம், கல்யாணம் காட்சி என்றால் கொஞ்சம். கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கட்டாயம் கொஞ்சம்.

அன்று அவன்தான் பிரியாணி செய்தான். வில்லியனூர் மாதா கோயிலில் ராத்திரித் திருப்பலி பார்த்துவிட்டு வந்து கொஞ்ச நேரம் தூங்கி எழுந்தவன், விறகடுப்பைக் கொல்லைப்புறத்தில் மூட்டி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். பெரியப்பா மகன் ஒருவன் ஒரு குவார்ட்டர் பாட்டிலோடு வந்தான். அடுப்படியிலேயே இரண்டு பேரும் அதை முடித்தார்கள். ஜோஸ்பின் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தாள். நல்ல நாளும் அதுவுமாக வாயைக் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

சாப்பிட்டுக் களைத்து, வெயில் சாய்ந்த பிறகுதான் கிளம்பினார்கள். தங்கைக்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய பிரியாணி, ஒரு கேக், மகளுக்குப் புது கவுன். பிரிட்டோ வண்டியை எடுத்து ஹெல்மெட்டை மாட்டும்போது ஜோஸ்பின் முகத்தைத் திருப்பினாள்.

"இன்னும் வாடை வருது. பஸ்ல போயிடலாம் வா."

"காலையில குடிச்சதுடி அது. துன்ன சோத்துல எல்லாம் எறங்கிப் போச்சி. பண்டிகை நாளுல பஸ்ஸு எங்க வரும்? ஏறு."

அவள் ஏறினாள். அவன் நிதானமாகத்தான் ஓட்டினான். அவள் மடியில் தூக்குச்சட்டி சூடாக இருந்தது. அவன் ஒரு முறை திரும்பி, "உன் தங்கச்சி வூட்டுத் தரை யாரு போட்டது? நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா பாரு" என்று சிரித்தான்.

வில்லியனூரைக் கடந்து கரும்புக் கொல்லைகள் தொடங்கும் வளைவில் போலீஸ் நின்றது. இரண்டு இரும்புத் தடுப்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்திருந்தார்கள். எஸ்.ஐ. தமிழ்க்குமரன், அந்த ஸ்டேஷனுக்கு வந்து சில மாதங்களே ஆன இளைஞர், ஜீப் நிழலில் நின்றிருந்தார். சிவப்புத் தொப்பியோடு வயதான ஏட்டு ஒருவர் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார். அவர் பெயர் குழந்தைவேல். ஒதியம்பட்டுக்கு அடுத்த ஊர்க்காரர், பிரிட்டோவுக்கு முகப்பழக்கம் உண்டு. ஊர்க்காவல் படையைச் சேர்ந்த செல்வகுமாரி என்ற பெண் கையில் ஊதுகிற கருவியை வைத்திருந்தாள்.

சாதாரண நாளில் அந்தச் சாலையில் வெளியூர்க் கார் அபூர்வம். பண்டிகை நாட்களில் கடலூர் சாலை நெரிந்துவிடுகிறது. நெரிந்தால் போன் வரைபடம் இந்தக் கிராமத்து வழியைக் காட்டிவிடுகிறது. தடுப்புக்கு முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. எஸ்.ஐ. எண் பலகையைப் பார்ப்பார், கையை அசைப்பார், கார் போகும். இரண்டு சக்கர வண்டிகள் மட்டும் ஓரத்தில் சேர்ந்துகொண்டே இருந்தன. கரும்பு வெட்டிவிட்டு வந்தவன், பால் கேனோடு வந்தவன், மாமியார் வீட்டுக்குப் புதுச்சட்டையோடு கிளம்பியவன்.

பிரிட்டோவின் முறை வந்தது. "ஊதுப்பா" என்றாள் செல்வகுமாரி. அவன் ஊதினான். கருவி கீச்சென்றது. ஒரு சீட்டு வெளியே வந்தது.

"சார், காலையில வூட்டுல கொஞ்சூண்டு. பண்டிகை சார். வண்டி நேராத்தான் வந்துது, நீங்களே பாத்தீங்க" என்றான் பிரிட்டோ.

"அதெல்லாம் கோர்ட்டுல சொல்லு. சாவியக் குடு" என்றார் எஸ்.ஐ.

அந்த நேரத்தில்தான் சாம்பல் நிறப் பெரிய கார் ஒன்று வந்து நின்றது. மஞ்சள் சட்டைப் பையன் ஒருவன் ஓட்டினான். உள்ளே அவனைப் போல் மூன்று பேர், காது கிழிகிற பாட்டு. கண்ணாடி இறங்கியதும் அடித்த வாடை, ஓரத்தில் நின்ற ஜோஸ்பின் வரைக்கும் வந்தது. தினமும் அறை திறக்கும்போது அவள் முகத்தில் அடிக்கிற அதே வாடை. ஏட்டு குழந்தைவேல் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், இந்தப் பையன ஒரு தபா ஊதச் சொல்லிடலாம்."

எஸ்.ஐ. எண் பலகையைப் பார்த்தார். "விடுங்க ஏட்டு. டூரிஸ்ட்டு. மேலேர்ந்து இன்னா சொல்லியிருக்காங்க? ஒவ்வொருத்தனும் வீடியோ எடுத்துப் போட்டுடுவான். பாண்டிக்கே கெட்ட பேரு."

கார் போனது. பிரிட்டோவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார் இது? நான் காலையில குடிச்சது ஊதுனா வருது, அவன் கையிலயே பாட்டில வெச்சிருக்கான், அது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"ஏய், சட்டம் பேசற வேல வெச்சுக்காத. பொண்டாட்டி கூட இருக்கான்னு பாக்கறேன். இல்லன்னா ஜீப்புல ஏத்திடுவேன்."

ஜோஸ்பின் நடுவில் புகுந்து கெஞ்சினாள். வண்டியைத் தள்ளிக்கொண்டே போகிறோம் என்றாள். தங்கச்சி புருஷனைப் போன் போட்டு வரவழைத்து அவரை ஓட்டச் சொல்கிறோம் என்றாள். எஸ்.ஐ.க்கு அன்றைக்குக் காட்ட வேண்டிய கேஸ் கணக்கு ஒன்று இருந்தது. அவர் காதில் எதுவும் ஏறவில்லை. குழந்தைவேல் மட்டும் தணிந்த குரலில், "இங்க நிக்காதம்மா. அடுத்த ஊருல பஸ் ஸ்டாப் கீது. அப்படியே ஓரமா நடந்து போயிடுங்க. வண்டிய அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

நடந்தார்கள். பிரிட்டோ தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டான். ஜோஸ்பின் கேக்கையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் கரும்பு பூத்து வெள்ளை வெளேரென்று நின்றது. ஜோஸ்பினுக்கு அவமானமாக இருந்தது. போகிற வருகிற வண்டிக்காரர்கள் எல்லாம் தங்களையே பார்ப்பது போல் இருந்தது.

"ஒரே ஒரு நாளு லீவு கேட்டு வாங்கினேன். அத்தயும் குடிச்சிக் கெடுத்துட்ட. நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்றாள்.

அவன் தூக்குச்சட்டியைக் கை மாற்றிக்கொண்டு நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் சாம்பல் நிறக் கார் சாலையோரம் நின்றிருந்தது. நான்கு பையன்களும் கரும்புப் பூவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் சட்டைக்காரன் கார் முகப்பின்மேல் ஏறி உட்கார்ந்து பாட்டிலை உயர்த்திக் காட்டினான். பிரிட்டோ அவர்களைக் கடக்கும்போது, "நீ கொல்லைப் பக்கமா வா" என்று ஜோஸ்பினை உள்ளே தள்ளிவிட்டு, தான் மண் ஓரத்திலேயே சாலைப் பக்கம் மாறிக்கொண்டான். அதுதான் அவன் அவளிடம் கடைசியாகப் பேசியது.

பின்னால் கார் கிளம்புகிற சத்தமும் பாட்டுச் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. அவள் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. சாலையில் இடம் தாராளமாகக் கிடந்தது, எதிரில் வண்டி இல்லை. அந்தக் கார் மண் ஓரத்தில் இறங்கி அவனைத் தூக்கிக் கொல்லைக்குள் எறிந்தது. ஜோஸ்பின் வரப்பில் விழுந்தாள். கார் கொஞ்ச தூரம் போய் நின்றது. மஞ்சள் சட்டைக்காரன் இறங்கினான். இரண்டு எட்டு வைத்தான். அவள் எழுந்து, "தம்பி, வாப்பா, வந்து தூக்குப்பா" என்று கத்தினாள். அவன் அவளைப் பார்த்தான். நன்றாகத் தெரிந்தே பார்த்தான். பிறகு திரும்பிப் போய் ஓட்டுகிற பக்கம் ஏறினான். கார் போய்விட்டது.

சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவள் செல்வகுமாரி. அவளுக்குப் பின்னால் குழந்தைவேல் மூச்சு வாங்க ஓடிவந்து, பிரிட்டோவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வந்தது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் இல்லை. பாகூரில் அமுதம் விளக்கெல்லாம் போட்டுவிட்டு, "இன்னா அக்கா, எங்க வந்துனு இருக்கீங்க?" என்று போனில் கேட்டபோது, ஜோஸ்பினுக்கு ஊர் பெயர் கூட வாயில் வரவில்லை.

பிரிட்டோவை மறுநாள் கல்லறையில் வைத்தார்கள். காரை அன்றைக்கே எல்லைச் சோதனைச் சாவடியில் பிடித்துவிட்டதாகச் சொன்னார்கள். அதைக் கேட்டு ஜோஸ்பின் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். அந்த நன்றியை ஒரு வாரத்தில் அவள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஸ்டேஷனில் அவளை உட்காரவைத்து எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். மது அருந்திய நிலையில் சாலையில் தள்ளாடி நடந்த நபர் திடீரென்று குறுக்கே பாய்ந்ததால் விபத்து ஏற்பட்டது என்று அதில் இருந்தது. காரை ஓட்டியவர் பெயர் சிங்காரவேலு என்று ஒன்று இருந்தது. பக்கத்து பெஞ்சில் தலை நரைத்த, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். அவர்தான் சிங்காரவேலு. காரைப் பிடித்தபோது தப்பி ஓடியதாகவும் பிறகு தானாகவே வந்து சரணடைந்ததாகவும் சொன்ன டிரைவர்.

"இவரு இல்ல சார். ஓட்டுனது சின்னப் பையன். மஞ்சள் சட்டை போட்டுனு இருந்தான். என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் போனான்" என்றாள் ஜோஸ்பின்.

எஸ்.ஐ. தமிழ்க்குமரன் அவள் முகத்தைப் பார்க்காமல், "நீங்க அந்த நேரத்துல அதிர்ச்சியில இருந்தீங்க. தப்பாத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

"அதிர்ச்சி அப்பறந்தான சார் வந்துது? அதுக்கு முன்னாடி தடுப்புல நின்னப்பவே பாத்தேனே. நீங்களும்தான் பாத்தீங்க."

"தடுப்புல எத்தனையோ கார் போச்சிம்மா. எனக்கு எது ஞாபகம் இருக்கும்? உங்க வூட்டுக்காரரு ஊதுன சீட்டு இருக்கு. அதுல அளவு போட்டிருக்கு. நான் ஒண்ணும் கைல எழுதல, மெஷின் சொல்றது."

"அவரு மண்ணுல நடந்தாரு சார். தாருலயே கால் வெக்கல. குடிச்சவன் வண்டி ஓட்டக்கூடாதுன்னுதான எறக்கி வுட்டீங்க? நடக்கவும் கூடாதா?"

எஸ்.ஐ. பேனாவை மூடினார். அந்த வெள்ளைச் சட்டைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் யாருடைய பிள்ளைக்காகவோ கூலிக்கு வந்து உட்கார்ந்தவர்தான். ஜோஸ்பினுக்கு அவர்மேல் கோபம் கூட வரவில்லை.

அடுத்த நாள் அவள் குழந்தைவேலின் வீட்டுக்குப் போனாள். அவர் பனியனோடு வாசலில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவருடைய மனைவி கனகாம்பாள் நாற்காலி போட்டாள். ஜோஸ்பின் உட்காரவில்லை.

"நீங்கதான ஐயா நடந்து போங்கன்னு சொன்னீங்க? நீங்கதான அந்தப் பையன ஊதச் சொல்லலாம்னு சொன்னீங்க? அத்த மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணியும் கேக்கல."

குழந்தைவேல் துடைத்த கையையே மறுபடி துடைத்தார். பிறகு அவராகவே ஆரம்பித்தார். "வருசா வருசம் இதே கூத்துதாம்மா. டிசம்பரு இருவதத் தாண்டுனா முதல்ல செயின் அறுப்பானுங்க. அப்பறம் பூட்டுன வூடு. ராத்திரி பூசைக்குப் போற வூடா பாத்து எறங்குவானுங்க. அப்பறம் பைக் திருட்டு. கிறிஸ்துமஸ்லேர்ந்து நியூ இயர் முடியறவரைக்கும் ஆக்சிடென்ட்டு. எங்காளுங்க எல்லாரையும் பீச்சுக்குப் பந்தோபஸ்துன்னு இழுத்துக்குவாங்க. ஊர்ப் பக்கம் நாலு பேரு நிப்போம். அந்த நாலு பேருக்கும் கேஸ் கணக்கு காட்டணும். யார் மேல காட்டறது? ஓட்டலுக்கு வந்தவன் மேல காட்டுனா போன் வரும். உன் புருசன் மேல காட்டுனா யாரு போன் பண்ணுவா? பொங்கலுக்குள்ள எல்லாம் அடங்கிப் போயிடும். மறுபடி அடுத்த டிசம்பரு."

"எங்களுக்கு அடங்கலையே ஐயா" என்றாள் ஜோஸ்பின்.

உள்ளேயிருந்து கனகாம்பாள், "உங்களுக்கு இன்னும் ஒரு வருசம் சர்வீஸ் கீது. பாத்துப் பேசுங்க" என்றாள். மனிதர் அதைக் காதில் வாங்கியது போல் தெரியவில்லை. "என் மடியிலதாம்மா அவன் உயிரு போச்சி. எழுதிக் குடுக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னார், சொன்னபடி செய்தார். அந்தக் காரை நிறுத்தியதையும், வாடை அடித்ததையும், எஸ்.ஐ. விடச் சொன்னதையும், ஓட்டியவன் மஞ்சள் சட்டைப் பையன் என்பதையும் மேலதிகாரியிடம் நேரில் போய் எழுதிக் கொடுத்தார். அதைப் படித்த அதிகாரி மிகவும் மரியாதையாக உட்காரச் சொல்லி டீ கொடுத்தாராம். பொங்கலுக்கு முன்பே குழந்தைவேலுக்கு ஏனாமுக்கு மாற்றல் வந்தது. புதுச்சேரி அரசின் கீழ் இருந்தாலும் தெலுங்கு பேசுகிற ஊர், ஒரு ராத்திரிப் பயணம். அந்தக் கடிதத்துக்கு என்ன ஆனது என்று கேட்டால், விசாரணையில் இருக்கிறது என்றார்கள். அது இன்றுவரை விசாரணையில்தான் இருக்கிறது.

ஜனவரியில் செல்வகுமாரி ஒதியம்பட்டுக்கு வந்தாள். சீருடையில் இல்லை, சுடிதாரில் வந்தாள். உட்காரச் சொன்னதும் சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, சாலைப் பாதுகாப்பு மாசம்னு விழா வெக்கிறாங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க எல்லாம் வரும். பாதிக்கப்பட்ட குடும்பத்துலேர்ந்து ஒருத்தர் பேசுனா நல்லா இருக்கும்னு சொன்னாங்க. உங்களக் கூட்டினு வரச் சொல்லி என்ன அனுப்பிட்டாங்க."

"நான் இன்னா பேசணும்?"

செல்வகுமாரி தரையைப் பார்த்தாள். பிரிட்டோ போட்ட தரை அது, வெள்ளையில் நீலக் கரை. "குடியினால எங்க குடும்பம் இப்படி ஆச்சின்னு ரெண்டு வார்த்த. நீங்க வந்தா கேஸு சீக்கிரம் முடிஞ்சிடும்னு சொல்லச் சொன்னாங்க. எனக்குச் சொல்லவே நாக்கு கூசுது அக்கா. நான் தற்காலிகந்தான். நீங்க வரமாட்டேன்னா என்ன நாளைக்கே நிறுத்திடுவாங்க."

ஜோஸ்பின் யோசித்தாள். அத்தனை பேர் முன்னால், கையில் மைக்கோடு நிற்கிற வாய்ப்பு தனக்கு இன்னொரு தடவை வராது என்று தோன்றியது. "வர்றேன்னு சொல்லு" என்றாள்.

கல்யாண மண்டபத்தில் விழா நடந்தது. மேடையில் நெகிழிப் பூ வைத்த மேசை, அதிகாரிகள், ஒரு நன்கொடையாளர். கீழே சீருடையில் பிள்ளைகள். மூச்சுச் சோதனை நடத்தி அதிகக் கேஸ் போட்டதற்காக எஸ்.ஐ. தமிழ்க்குமரனுக்குச் சால்வை போர்த்தினார்கள். போன வருடத்தைவிட இந்த வருடம் பண்டிகைக் காலக் குடிபோதை வழக்குகள் இருமடங்கு என்று அறிவித்தார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு ஜோஸ்பினை அழைத்தார்கள்.

மைக் முன்னால் நின்றதும் தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

"என் வூட்டுக்காரரு அன்னிக்குக் காலையில குடிச்சாரு. நான் மறைக்க மாட்டேன். அதுக்கு வண்டியப் புடுங்குனாங்க, சரி. நாங்க நடந்து போனோம். ஓரமா மண்ணுல நடந்து போனோம். குடிச்சிட்டுக் கார ஓட்டுனவன் ஒருத்தன் வந்து இடிச்சான். அவன் கொஞ்ச நேரம் முன்னாடி இதே போலீஸுகிட்டதான் நின்னான். அவன ஊதச் சொல்லல. வெளியூரு, டூரிஸ்ட்டுன்னு கையக் காட்டி அனுப்பி வெச்சாங்க. அனுப்புனவருக்குத்தான் இப்ப சால்வை போட்டீங்க. என் புருசன் குடிச்சிச் சாகல. அவரு நடந்து..."

ஒலிபெருக்கி நின்றுவிட்டது. அவள் உதடு அசைவது மட்டும் பின்வரிசைக்குத் தெரிந்தது. மேடையில் இருந்த இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து அவள் தோளில் மெல்லக் கை வைத்து ஒதுக்கினார். மைக் உடனே வேலை செய்தது.

"பாத்தீங்களா மாணவர்களே? துக்கம் தாங்க முடியல. வார்த்தை வரல. ஒரு குடும்பத் தலைவன் குடிச்சதோட விளைவு இது. இந்தச் சகோதரியோட கண்ணீர மறக்காதீங்க. எல்லாரும் பலமா கைதட்டுங்க."

கைதட்டினார்கள். மண்டபமே அதிர்ந்தது. யாரோ அவள் கையில் ஒரு புது ஹெல்மெட்டைக் கொடுத்துப் புகைப்படத்துக்காகத் திருப்பி நிறுத்தினார்கள். மேடைக்குக் கீழே செல்வகுமாரி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மறுநாள் படம் பத்திரிகையில் வந்தது. குடியால் கணவனை இழந்த பெண் கண்ணீர் உரை என்று தலைப்பு. அவள் பேசியதில் முதல் இரண்டு வரியை மட்டும் வெட்டி எடுத்த வீடியோ போன் போனாகப் போனது. 'என் வூட்டுக்காரரு அன்னிக்குக் காலையில குடிச்சாரு. நான் மறைக்க மாட்டேன்.' அதோடு நின்று, சோக இசை.

ஜெர்லின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து புத்தகப் பையைக் கூடக் கழற்றாமல் நின்றாள். வகுப்பில் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"அப்பா குடிச்சிட்டு ரோட்டுல வுழுந்து செத்தாருன்னு சொல்றாங்க. நீயே சொல்லிட்டியாமே."

ஜோஸ்பின் மகளை இழுத்து உட்காரவைத்து, விறகடுப்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் கடைசியாக அவனைத் திட்டியதையும் சொன்னாள். மகள் அழாமல் கேட்டாள். முடிந்ததும், "அவங்க அப்படித்தான் செய்வாங்கன்னு தெரியாதாம்மா உனக்கு? இன்னாத்துக்கு மேடையில ஏறுன?" என்றாள்.

ஜோஸ்பின் சமையலறைக்குப் போய் அரிசி களைந்தாள்.

கோடையில் அந்த மஞ்சள் சட்டைப் பையன் வீட்டு வக்கீல் சமாதானம் பேச ஆள் அனுப்பினார். நடந்தது இரு தரப்புத் தவறு, இறந்தவர் போதையில் இருந்தார் என்று ஒப்புக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட்டால் எல்லாம் சுமுகமாக முடியும் என்றார்கள். அமுதத்தின் புருஷன் கூட, "போட்டுடுங்க அண்ணி. இவங்களோட நம்மளால ஓட முடியுமா? புள்ள படிப்ப பாருங்க" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை என்று ஜோஸ்பினுக்கும் தெரிந்தது. ஆனால் பேனாவை எடுத்தால் பிரிட்டோ தன்னைக் கொல்லைப் பக்கம் தள்ளிவிட்ட கை ஞாபகத்துக்கு வந்தது. குடித்துத் தள்ளாடியவன் கை அப்படி இருக்காது. "போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு தங்கை புருஷன் கொஞ்ச நாள் அவளிடம் பேசவில்லை.

சிங்காரவேலு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போனார். மஞ்சள் சட்டைக்காரன் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. அதை எதிர்த்து அவள் போட்ட மனு வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போனது. குழந்தைவேலைச் சாட்சியாகக் கூப்பிட வேண்டும் என்றால் ஏனாமிலிருந்து அவருக்கு அனுமதி வரவில்லை என்றார்கள். அனுமதி வந்தபோது நீதிபதி மாறிவிட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் விடுதியில் ஒரு நாள் லீவு கேட்டு நின்றாள். மேனேஜர் ஒவ்வொரு தடவையும், இதெல்லாம் தேவையா என்றார்.

மழைக்காலம் முடிந்து வந்த வாய்தாவுக்குள் ஒரு வழியாகக் குழந்தைவேல் ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியிருந்தார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபடி அவளுக்குப் பக்கத்தில் நீதிமன்ற பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மதியம் வரை காத்திருந்தார்கள். மனுவின் எண்ணைக் கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்து நிற்பதற்குள் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜோஸ்பின் குமாஸ்தாவின் மேசைக்குப் போய் என்னவென்று கேட்டாள்.

"ஜனவரிக்குத் தள்ளியிருக்காங்கம்மா. நாளையிலேர்ந்து கிறிஸ்துமஸ் லீவு ஆச்சே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். குழந்தைவேல் பயந்துபோய் அவள் பக்கத்தில் வந்தார். குமாஸ்தா அவள் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்துவிட்டு, தானும் முகம் மலர்ந்து, "ஹேப்பி கிறிஸ்துமஸ்மா" என்றார்.